நீ உதறிய சட்டைகள்

போன செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். கூடத்து பீரோவை நகர்த்தியபோது, பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு துணி மடிப்பு கிடந்தது. அதைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாளைப் பூச்சி அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. துணியை எதுவும் தொடவில்லை. இத்தனை வருஷமாகியும் ஓர் இழைகூட மக்கவில்லை.

“சார், இது இன்னா? தூக்கிப் போட்ரவா?” என்று கேட்டுக்கொண்டே அவர் அதை உதற இரு கையாலும் பிடித்தார். உதறாதீங்க என்று நான் போட்ட சத்தத்தில் கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டார். அவரை வெளியே அனுப்பிவிட்டு, டாக்டர் சொல்லித் தந்திருந்தபடி அதன்மேல் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டினேன். கட்டும்போது விரலில் பட்டது. அதே மென்மை. இஸ்திரி போடும்போது மேஜைமேல் விரித்துக்கொள்வாயே, அந்தத் துணிதான். சூடு தாங்கும் என்று நான்தான் பட்டறையிலிருந்து கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தேன். வாங்கியதும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாய்.

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். ஆலைகளின் பாய்லர் குழாய்களுக்குச் சூடு வெளியே போகாமல் உறை செய்து தரும் இடம். கல்நார், ஊரெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்வது, மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கூரை ஓட்டில் பார்ப்பதுபோல் கெட்டியாக இருக்காது. பிரித்துக் கொட்டினால் இலவம்பஞ்சு மாதிரி பறக்கும். எங்களுக்கு அதன் பெயரே பஞ்சுதான். நானும் கூட வேலை பார்த்த மாணிக்கமும் எதிரெதிரே நின்று அதைக் கையால் உதிர்த்துக் குழைப்போம். சாயங்காலம் பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெள்ளை. மயிலாப்பூரில் இறங்கி நம் சந்துக்குள் நுழைந்தால் எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஆவி வருது என்று சொல்லிக்கொண்டு ஓடும். நீ வாசலில் நின்று சிரிப்பாய்.

சட்டையை அப்படியே நனைத்தால் தண்ணீர் சேறாகிவிடும் என்று முதலில் பின்கட்டுச் சுவரோரம் கொண்டுபோய் உதறுவாய். அந்த நேரத்துக்கு வெயில் சாய்ந்து உள்ளே விழும். வெயிலில் அந்தத் தூசி தெரியும். மற்றத் தூசியைப் போல அது கீழே இறங்காது. நீ உதறி முடித்து உள்ளே போன பிறகும் அதே இடத்தில், ஏறக்குறைய உன் உயரத்துக்கு, நின்றுகொண்டிருக்கும். நான் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்திருக்கிறேன்.

பட்டறையை மூடினார்கள். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். நம் மகள் பாப்பா வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமாகித் தாம்பரம் போனாள். இருபத்தெட்டு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை. இப்போது நினைத்தால் அந்த ஒன்றும் நடக்காத வருஷங்கள்தான் உடம்பைச் சில்லிட வைக்கின்றன. பாப்பா கல்யாணத்தன்று நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினாயே, அப்போதும் அது உனக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் மாதா கோயில் பாடகர் குழுவில்தான் தெரிந்தது. நீ இழுத்துப் பாடும் வரியை முடிக்க மூச்சு போதவில்லை. வயசாகுதில்ல என்று சொல்லிப் பின்வரிசைக்கு மாறிக்கொண்டாய். அப்புறம் வறட்டு இருமல். வலப்பக்க விலாவில் ஒரு மந்தமான வலி, தோள்பட்டை வரை ஏறும். ரவிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாய். உடம்பு இளைப்பது நல்லதுதான் என்று நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் மத்தியானம் படுத்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாய். “இன்னாங்க, இங்க காத வச்சிக் கேளுங்க” என்று உன் விலாவைக் காட்டினாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “உள்ள யாரோ ஈரத்துணி அலசற மாதிரி கீது” என்றாய். நமக்கு அப்போது எதுவும் தெரியாது. ஒரு டாக்டரும் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் நீ அதைத்தான் சொன்னாய்.

எக்ஸ்ரேயில் வலப்பக்கம் பாதி வரை வெள்ளையாக இருந்தது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, டிபியாக இருக்கலாம் என்றார்கள். ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். இரண்டு பாட்டில், பால் விடாத டீயின் நிறம். பரிசோதனையில் டிபி கிருமியும் தெரியவில்லை, வேறு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் மாத்திரை தொடங்கினார்கள். ஆறு மாதம் ஒருவேளை தவறாமல் விழுங்கினாய். சிறுநீர் ஆரஞ்சு நிறமானது; நீ அழுத ஒரு நாளில் கண்ணீர்கூட அந்த நிறத்தில் கைக்குட்டையில் கறையாகியது. நீர் மட்டும் எடுக்க எடுக்க ஊறிக்கொண்டே வந்தது.

பாப்பாதான் அடையாற்றில் அந்த நுரையீரல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். அவர் முதலில் ரிப்போர்ட்டுகளைத் தொடவில்லை. உன்னைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் விரலால் தட்டிக்கொண்டே கீழே வந்தார். இடப்பக்கம் மத்தளம் மாதிரி கேட்டது. வலப்பக்கம் பாதிக்குக் கீழே மரக்கட்டையைத் தட்டுவது போல மொத்தென்று கேட்டது. சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகு படத்தைத் திரையில் போட்டு நமக்கு விளக்கினார். வியாதி நுரையீரலுக்குள் இல்லை, அதைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, அந்தச் சவ்வு சாத்துக்குடித் தோல் மாதிரி தடித்து நுரையீரலை எல்லாப் பக்கமும் இறுக்கிக்கொண்டிருக்கிறது என்றார். இதை நீரை வைத்து மட்டும் கண்டுபிடிப்பது கஷ்டம்; பல பேருக்கு டிபி என்றே நாள் போய்விடும்; விலாவுக்கு நடுவே சின்னக் குழாய் விட்டுச் சவ்விலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும்.

அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார். “உங்க ரெண்டு பேர்ல யாராவது எப்பவாவது ஆஸ்பெஸ்டாஸ்ல வேலை செஞ்சிருக்கீங்களா?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளங்கையில் அந்தப் பஞ்சு பட்டது போலிருந்தது. நான் இல்லை என்றேன். பள்ளிக்கூடத்தில் கிளார்க் என்றேன். உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

 மூச்சைச் சேர்த்துக்கொண்டு நீயே சொன்னாய். “அதுக்கு முன்னாடி பட்டறைல இருந்தாரு டாக்டர். வெள்ளப் பஞ்சு. அவுரு சட்டைய நான்தான் ஒதறித் தொவைப்பேன்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வேலை செய்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை, துணியோடு வீட்டுக்கு வந்து வீட்டிலிருப்பவர்களுக்கும் வரும், உள்ளே போன இழை உடம்பில் கரையாது, முப்பது நாற்பது வருஷம் கழித்துக்கூட நோயாகலாம் என்று மெதுவாகச் சொன்னார். நீ கேட்டது ஒன்றே ஒன்று. “எம் பொண்ணு அப்ப சின்னக் கொழந்த. பக்கத்துலதான் நிப்பா. அவளுக்கு?” பாப்பாவுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த விஷயத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது நான் உன் கையைப் பிடிக்க நினைத்துப் பிடிக்கவில்லை. அந்தக் கையைத் தொட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பாலத்தின் மேல் கடற்காற்று வந்தது. நீ வாயைத் திறந்து அதைக் குடித்தாய். “ஏன் இல்லன்னு சொன்னீங்க?” என்று கேட்டாய். நான் ஆட்டோ மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “உங்க சட்டைய நான் தொவைக்காம வேற யாரு தொவைப்பா?” என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டாய். அது மன்னிப்பா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சவ்விலிருந்து துணுக்கு எடுத்த பத்தாம் நாள் முடிவு வந்தது. மீசோதீலியோமா, அந்தச் சவ்வில் வரும் புற்று. அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்து, பாதியில் மூச்சு வாங்கி, நாலு பேருக்குச் சொல்லக்கூட வராத பேரு என்றாய். மருந்து ஏற்றினார்கள். நீர் தானாக வடிய விலாவில் ஒரு குழாய் வைத்தார்கள். மூன்று மாதம் கொஞ்சம் தேறினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூட வந்தாய். அதன்பின் உட்கார்ந்தே தூங்கினாய். நோயின் பேர் தெரிந்த பதினான்காம் மாதம், ஒரு காலை வேளையில், பாப்பா உனக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது போய்விட்டாய். பின்னலை முடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

போவதற்குச் சில வாரம் முன்னால் மாணிக்கத்தைப் பற்றிக் கேட்டாய். அவன் எப்போதோ டிபியில் செத்துப் போனான் என்றேன். “டிபின்னு யாரு சொன்னா?” என்றாய். மூச்சு வாங்கிக்கொண்டு, “அவுரு ஊட்லயும் ஒரு பொம்பள ஒதறியிருப்பா இல்ல? போய்ச் சொல்லுங்க” என்றாய். சரி என்றேன். நீ உயிரோடு இருந்தவரை போகவில்லை. பயம். போய்ச் சொல்லிவிட்டால், நான் செய்தது என்ன என்று என் வாயாலேயே சொன்னதாகிவிடும்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ஈக்காட்டுத்தாங்கல் போனேன். பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த ஆபீஸ் நிற்கிறது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஏசி காற்று தெருவுக்கு வந்தது. நான் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். பின்சந்தில் மாணிக்கத்தின் வீடு அப்படியே இருந்தது. அவன் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி போட்டார். பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டார். ஈளைதான், பல வருஷமா கீது என்றார்.

நான் எழுந்து நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. என்ன வேலை செய்தோம், அது எப்படி வீட்டுக்கு வந்தது, உனக்கு என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டபோது நான் இல்லை என்றதையும் சொன்னேன்.  கேட்டு முடித்ததும் அந்த அம்மா, “அவுரு சாவறப்போ நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி கீதுன்னாரு. நாங்க யாரும் நம்பல” என்றார்.

அடுத்த வாரம் பாப்பாவும் நானும் அவரை அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அவருக்கும் எனக்கும் சவ்வில் அங்கங்கே தழும்பு மாதிரித் திட்டுகள் இருக்கின்றன. புற்று இல்லை. அதற்கு மருந்தும் இல்லை, அது போகவும் போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இருமல், மூச்சு, வலி, எடை எதில் சின்ன மாற்றம் வந்தாலும் உடனே வரவேண்டும். இரண்டு பேரும் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அவர் உள்ளே போய் வந்ததும், அப்டியே கீதாம் என்பார். நான் போய் வந்து, எனக்கும் அப்டியேதான் என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

என்னுடையது வலப்பக்கம், ஐந்தாவது விலாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டாக்டரம்மா திரையில் விரல் வைத்துக் காட்டினார். வலியில்லை. பஸ்ஸில் போகும்போது சில வேளை கை தானாக அங்கே போய்விடுகிறது. நீ வாசலில் நின்று சிரித்த அதே நாட்களில்தான் அது உள்ளே வந்திருக்கும். உன்னிடம் எழுந்துகொண்டது, என்னிடம் இன்னும் அசையாமல் இருக்கிறது. ஏன் அப்படி என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை.

பட்டறையில் எங்களோடு நின்றவர்களில் இன்னும் இரண்டு வீடுகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வீட்டின் விலாசம் நேற்றுத்தான் கிடைத்தது. நாளைக் காலை கோடம்பாக்கம் போகிறேன். அந்த வீட்டம்மாவுக்கு உன்னைவிட இரண்டு வயது குறைவு.