ஆணியில் மாட்டிய சாவி

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சியும் சுகம். நீயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைக் கேட்டபிறகு கை வரவில்லை. பஸ் ஓட்டும்போது வலது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிட்டது, ஓரங்கட்டி உதறிவிட்டுக் கிளம்பினேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். தண்ணீர் குடிக்கிறாயா என்றால், கடைசி நிறுத்தத்தில் கக்கூஸைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், குடித்துவிட்டு எங்கே போவது என்றாய். மேலே பேசப் போனால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். பிரேக்கை மிதிக்கிற கால் அது, பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்பா புதுப் பல்செட்டை யாராவது வந்தால் மட்டும் மாட்டுகிறார், சாப்பிடும்போது கழற்றிவிடுகிறார். தங்கச்சிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, வீட்டில் அதிகாரமும் கூடிவிட்டது. உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு. எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் உனக்குத் தெரியும், கீழ்த்தளம், நீராவி, நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி. கக்கூஸ் சாவி சூப்பர்வைசர் மேசை டிராயரில் இருக்கும். போய்க் கேட்டால், இப்பத்தானே போனே என்று எல்லார் காதிலும் விழக் கேட்பான். அந்த வெட்கத்துக்குப் பயந்து நாங்கள் ஐந்து பேரும் வேலை முடியும்வரை வாயைக்கூட நனைக்க மாட்டோம். போன மாதம் ஒருநாள் விரிப்பை ஒரு முனையில் நானும் மறுமுனையில் ரேடியோவும் இழுத்து மடிக்கிறோம் (ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பேர்), கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. நான் ஒற்றைக்காலில் குதிப்பதைப் பார்த்து, “என்னக்கா, திடீர்னு டான்ஸு?” என்றாள். விரிப்போடு விழுந்தேன். துண்டு வாங்க வந்த பிசியோதெரபிப் பெண் ஓடிவந்து என் முழங்காலை நீட்டி, கால்விரல்களை என் முகத்தைப் பார்க்க மெதுவாக மடக்கி, வெடுக்கென்று இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். அரை நிமிஷத்தில் இளகியது. பிறகு சதையை நீவி, சூடான துண்டு வைத்தாள், அதற்கு எங்களிடமா பஞ்சம். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க என்று கேட்டாள். ஐந்து பேரும் டிராயரைப் பார்த்தோம். கால்பிடிப்புக்குக் காரணம் பல இருக்கும், ஆனா இந்த வெக்கையிலே தண்ணி இல்லாம நாள் முழுக்க நின்னா சதை என்ன பண்ணும் என்றாள்.

மறுநாள் ரேடியோ ஒரு யோசனை சொன்னாள். எல்லோரும் வயிறாரத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒருத்தி திரும்பியதும் அடுத்தவள் என்று வரிசையாகப் போய்ச் சாவி கேட்டோம். சூப்பர்வைசரால் டீயைக்கூட முழுசாகக் குடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அவனே சுவரில் ஆணி அடித்துச் சாவியை மாட்டிவிட்டான். பதினோரு வருஷமாகத் தலைகுனிந்து கேட்டதற்குத் தேவைப்பட்டது ஓர் ஆணி. நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது, சிரிப்பும் வருகிறது. அதன்பிறகு மூன்று வாரமாக எனக்குக் கால் பிடிக்கவே இல்லை.

உன்னிடம் நான் ஒப்புக்கொள்ள வேண்டியதும் ஒன்று. சின்ன வயதில் வெளியே கிளம்பும்போதெல்லாம், தண்ணி குடிக்காதே, வழியில எங்கே போவே என்று உன் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கியவள் நான்தான். நல்ல பழக்கம் என்று நினைத்தேன். பூட்டுப் போட்டவனைக் கேட்கத் துப்பில்லாமல் பிள்ளையின் தொண்டையைப் பூட்டியிருக்கிறேன். அம்மா சொன்னது தப்பு, மறந்துவிடு. பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது குடி. வண்டி எடுக்குமுன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் கெண்டைக்காலை இழுத்துவிடு, ஒவ்வொரு நடை முடிந்ததும் இறங்கி நட. அடிக்கடி பிடித்தாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ டாக்டரிடம் போ, வீரம் காட்டாதே.

உன் காலும் உன்னை நம்பி ஏறுகிறவர்களும் பத்திரமாக ஊர் சேர வேண்டும், நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். சாவியைத் தனியாகப் போய்க் கேட்காதே, அங்கே இருக்கிற டிரைவர் கண்டக்டர் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். போனில் நீ சொல்லும் சரிம்மாவை இனி நம்ப மாட்டேன். அந்தக் கதவு திறந்ததா இல்லையா, அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
தண்ணீர் குடித்துவிட்டு எழுதும்
உன் அம்மா