வெள்ளைத் தாளில் மாமா

தோ பாயோ,
சனிக்கிழமை பிற்பகல்.

அன்புள்ள கபிலனுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்கிறதென்றால், பெட்டி மெல்பர்ன் வந்து சேர்ந்து மூடியையும் கழற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். நாங்கள் இங்கே நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் பேசினால் பின்னால் உங்கள் புகைப்படக் கண்காட்சி ஆட்களின் குரல்தான் அதிகம் கேட்கிறது. நான் எதைச் சொன்னாலும் ‘ம், அப்புறம்’ என்கிறீர்கள். அதனால்தான் படங்களோடு என் பேச்சையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிறேன்.

முதலில் வேலை விஷயம். பிரிப்பதற்குக் கத்தியை எடுத்துக்கொண்டு பாயாதீர்கள், உங்கள் அவசரம் எனக்குத் தெரியும். நீங்கள் வீடியோவில் காட்டியபடியேதான் கட்டியிருக்கிறேன். கண்ணாடியின் மேல் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டியாயிற்று. உடைந்தாலும் சில்லு படத்தைக் கீறாது. அதற்கு மேல் வழவழப்பான வெள்ளைத் தாள், அப்புறம் பபிள் ரேப், மூலைகளுக்கு அட்டை. எதையும் படுக்கவைக்கவில்லை. எல்லாம் நின்றபடி, முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகு. டேப்பின் நுனியை மடித்து விட்டிருக்கிறேன், இழுத்தாலே வந்துவிடும்.

பெட்டியை அனுப்பும் கம்பெனியிலிருந்து ரமீஸ் என்பவர் வந்து மூடியை ஸ்க்ரூ போட்டு முடுக்கி எடுத்துப் போக வேண்டும். நான்கு மணி என்றார், இன்னும் காணோம். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பேனாவை எங்கே வைத்தேன் என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கிறது. வரும் வியாழனுக்குள் பெட்டி உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஃபிரேம் கடையில் நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. ஃபிரேம் போடக் கொடுத்த படங்களை வாங்க டன்லப் ஸ்ட்ரீட் கடைக்குப் போனேன் அல்லவா? மற்றதெல்லாம் சரியாக இருந்தது. மாமாவின் படத்துக்கு மட்டும் சந்தனச் சீவல் மாலை போட்டு, நெற்றியில் குங்குமமும் வைத்து, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உங்கள் அப்பா லிஃப்ட் வாசலில் தேக்கா மார்க்கெட் பையோடு நிற்கும் அந்தப் படம்தான், நீங்கள் போஸ்டரில் போட்டிருப்பது. இந்த அளவில் பெரியவர் படம் வந்தால் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள் என்று கடைக்காரர் தானாகவே செய்துவிட்டார். மாலைக்குக் காசு வேண்டாம் என்றவர், ‘அப்பா எப்பம்மா தவறுனாங்க?’ என்று மெதுவாகக் கேட்டார்.

மாலையைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். வீட்டில் யார் கண்ணிலும் படாமல் எறிந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். டாக்ஸியிலிருந்து இறக்க மாமாவே கீழே வந்து நிற்பார் என்று யார் கண்டது? மாலையைப் பார்த்தார், மோந்து பார்த்தார், ‘நல்ல வாசமா இருக்குலா, எதுக்குக் கழட்டுனே?’ என்று சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவும் இல்லை.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. மாமாவுக்கு இதய வால்வு மாற்றுவதற்கு நாள் குறித்ததிலிருந்து அவர் அவராக இல்லை. நீங்கள் மாமாவிடம் போனில் பேசியபோது நான் அடுப்படியில்தான் இருந்தேன். ‘சின்ன ஆபரேஷன்பா, நீ திறப்பு விழாவை முடிச்சிட்டு வா’ என்று அவர் சொன்னார். நீங்களும் சரிப்பா என்றீர்கள். போனை வைத்த பிறகு வெகுநேரம் அவர் டிவியைப் போடாமலே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். நெஞ்சைத் திறந்து செய்வது சின்ன ஆபரேஷன் இல்லை என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இன்று காலை கட்ட உட்கார்ந்தபோது சண்டை வந்தது. மற்ற படங்களைச் சுற்றும்வரை அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாமாவின் படத்துக்கு வெள்ளைத் தாளை விரித்ததும் எழுந்து வந்துவிட்டார். ‘உசுரோட இருக்கிற மனுசனை வெள்ளையில சுத்திப் பெட்டியில வைக்கிறியே, நல்லா இருக்காம்மா?’ என்று கேட்டார். சாயம் ஒட்டாத தாள் அத்தை, இது வெள்ளையில்தான் வரும் என்று விளக்கினேன். பாலிகிளினிக் லேபில் நாளெல்லாம் ரத்தம் பார்ப்பவள், நான் போய் இதற்கெல்லாம் பயப்படுவேனா என்று கேலியும் செய்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கேலாங் சிவன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்து, விபூதியை மாமா நெற்றியில் பூசிவிட்டுப் படத்துக்கும் பூச வந்தார். படத்துக்குப் பூசினால் அதுவும் கடைக்காரர் செய்த மாதிரிதானே ஆகும் என்றேன். அப்படியே கையை இழுத்துக்கொண்டார். கடைசியில் மாமா, ‘ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, நானே போய்ப் படுத்துக்கிறேன்’ என்று சொல்லி, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மறந்து, படத்தைத் தூக்கிப் பெட்டியில் இறக்கிவிட்டார். அவரைத் திட்டினேன். ஆக எல்லாப் படமும் உள்ளே இருக்கிறது. பெட்டிதான் இன்னும் மூடவில்லை.

லிஃப்ட் சத்தம் கேட்கிறது. ரமீஸாகத்தான் இருக்க வேண்டும்.

கபிலன், மேலே எழுதியதில் ஒன்று இப்போது உண்மை இல்லை. அடித்து எழுத நேரமில்லை. ரமீஸ் வாசலில் காபி குடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

அவர் வந்து, பெட்டியைப் பார்த்து, நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் அக்கா என்றார். மூடியைத் தூக்கி வைத்தார். அத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா மட்டும் பெட்டி ஓரத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். முதல் ஸ்க்ரூ இறங்குகிற சத்தம் கேட்டது. நிறுத்துங்கள் என்று சொன்னது அத்தை இல்லை, நான்தான். என்ன அக்கா, எதையாவது மறந்துவிட்டீர்களா என்று ரமீஸ் கேட்டார். ஆமாம் என்றேன்.

மாமாவின் படத்தை வெளியே எடுத்துவிட்டேன். அந்த வெள்ளைத் தாளை நின்ற இடத்திலேயே கிழித்தேன், நுனியை மடித்து விட்டதெல்லாம் வீண். ‘கபிலன் கோவிச்சுக்குவான்லா’ என்றார் மாமா. படம் இப்போது சோபாவில் சாய்ந்து நிற்கிறது. அவரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. லேபில் வேலை பார்ப்பவளுக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

காலியான இடத்தில் ரமீஸ் பஞ்சு அட்டை திணித்துவிட்டார், மற்ற படங்கள் ஆடாது. நடுச் சுவர் உங்களுக்கு வெறுமையாக நிற்கும் என்று தெரியும். அந்தப் படத்துக்காக நீங்கள் எத்தனை நாள் அந்த லிஃப்ட் வாசலில் நின்றீர்கள் என்பதும் தெரியும். ஆனாலும் அதை இனி யாரிடமும் கொடுத்து அனுப்ப மாட்டேன். வேண்டுமென்றால் நீங்கள் வந்து கையோடு எடுத்துப் போகலாம். திறப்பு விழா ஆபரேஷன் முடிந்து வரும் வெள்ளிக்கிழமைதானே.

உங்களுக்குக் கோபம் வரும். போனில் கத்தாதீர்கள், மாமா காதில் விழும். என்ன திட்டுவதாக இருந்தாலும் நேரில் வந்து திட்டுங்கள். பெட்டி உங்களுக்குக் கிடைக்கும் வியாழனுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போகிறார்கள். அதற்குள் வந்து திட்டுங்கள்.

உங்கள்,
நிரஞ்சனா