அப்பா பின்னிய சடை

என் மகனுக்கு,

"முடிய வெட்டினாத்தான் ஓட்டல்ல வேலையாம்மா" என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

நீ பள்ளிப் படிப்பை முடித்த அன்று உன் பட்டமளிப்புத் தொப்பியில் நம் குடியின் மரியாதையாகக் கழுகு இறகைக் கட்டிக்கொண்டே அப்பா, "ஆடாதடா குதிரைக்குட்டி! இனி உன் சடைய நீயேதான் பின்னிக்கணும்" என்றார். அடுத்த மாதமே போய்விட்டார்.

நம் லகோட்டா பழங்குடி வழக்கப்படி துக்கத்துக்கு நான் கூந்தலை வெட்டினேன். உன்னிடம் கத்திரியை நீட்டினேன். "அப்பா தினமும் பின்னினதும்மா, இருக்கட்டும்" என்று அழுதாய். நான் வற்புறுத்தவில்லை.

அவருக்காகவே வெட்டாததை ஒரு மேனேஜருக்காக வெட்டுவாயா? வெட்டத்தான் வேண்டுமென்றால் வீட்டுக்கு வா. அப்பாவுக்காக என்று என் கையால் வெட்டிவிடுகிறேன்.

வெட்டாவிட்டாலும் வா.

உன் அம்மா