தூங்குகிறவளை எழுப்புவது

மார்ச் 4, செவ்வாய்
குழந்தை பால் குடித்தாளா, இல்லையா? மகளைக் கேட்டால், "குடிச்ச மாதிரிதான் இருந்துச்சுப்பா" என்கிறாள். மாதிரி என்றால்? பேத்தி பிறந்து பத்து நாள் ஆகிறது. எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மாப்பிள்ளை வெளியூர் வேலைக்குத் திரும்பிவிட்டார். அழுதால் பசி என்று தூக்கிக் கொடுக்கிறேன். வாய் வைத்ததும் கண்ணை மூடுகிறாள். அப்படியானால் தூக்கமா?

மார்ச் 5
வீட்டை ஒழுங்குபடுத்தினேன். திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். அழைப்பு மணியின் இணைப்பை எடுத்தாயிற்று. கதவுக் கீலுக்கு எண்ணெய். குழந்தையைத் துணியில் கை கால் அசையாதபடி சுற்றித் தோளில் போட்டால் உறங்கிவிடுகிறாள். காலமெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து பிறரை அமைதியாக இருக்கச் சொன்னவன். தெரிந்த வித்தை இது ஒன்றுதான்.
"அப்பா, இது உங்க லைப்ரரி இல்ல. விட்டா குழந்தை முதுகுல நம்பர் ஒட்டிடுவீங்க" என்றாள் மகள். சிரித்தபடியே தூங்கிப்போனாள். மதியம் முழுக்க இருவரும் உறங்கினார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை.

மார்ச் 6
இன்றும் அப்படியே. என்ன சாதுவான குழந்தை! என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாளோ?

மார்ச் 7, வெள்ளி
எடை குறைந்திருக்கிறது.
எடை பார்க்க வீட்டுக்கு வந்த செவிலிக்கு, கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்ததில் ஏற்கெனவே கோபம். "நல்லா தூங்குறா சிஸ்டர்" என்றேன், சான்றிதழ் நீட்டுவதுபோல்.
"அது தூக்கம் இல்ல தாத்தா, சோர்ந்து கெடக்கு. பசிச்சா தானா எழுந்துக்கும்னு விடக் கூடாது, நாமதான் எழுப்பிக் குடுக்கணும். திங்கக்கிழமை எடை ஏறலன்னா ஆஸ்பத்திரில சேத்துடணும்."
மகள் அழவில்லை. சுவரைப் பார்த்து, "எனக்குப் பால் பத்தலையா?" என்றாள். நான்தானேம்மா... சொல்ல வந்தேன். செவிலியை வழியனுப்பும் சாக்கில் வாசலுக்குப் போய்விட்டேன்.

மார்ச் 8
துணியை அவிழ்த்து, உள்ளங்காலைத் தேய்க்கச் சொல்லியிருந்தார் செவிலி. விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். தூங்குகிற யாரையும் நான் எழுப்பியதில்லை. நூலக மேசையில் தலைசாய்த்தவர்களைக்கூட, மூடும் நேரம்வரை விட்டுவைப்பேன். பாவம், வலிக்குமோ? வலிச்சா என்ன, வயிறு நிறைய வேணாமா? என்ன மனுஷன் நான்!
கடைசியில் மகளிடம் சொல்லிவிட்டேன். "உன் பால்ல கொறை இல்லம்மா. பசியோட இருந்தவள நான்தான் தூங்க வெச்சுட்டேன்."
அவள் குழந்தையை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "அப்ப நீங்களே எழுப்புங்க. சத்தமா."
திரைகளைத் திறந்தேன். பாட்டு எனக்கு வராது. செய்தித்தாளில் வானிலை அறிக்கையை உரக்கப் படித்துக்கொண்டே காலைத் தேய்த்தேன். முகம் சிவந்து வீரிட்டாள். மகள் வாங்கிக்கொண்டாள், நான் திரும்பி நின்றுகொண்டேன். விழுங்குகிறாளா? இந்தத் தூரத்திலிருந்து எப்படித் தெரியும்?
"குடிக்கிறாப்பா. சத்தம் கேக்குது."

மார்ச் 9
செய்திகள் தீர்ந்து, வாடகை வீட்டு விளம்பரங்களுக்கு வந்துவிட்டேன். அவளுக்கு எது பிடிக்கிறது என்றே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அழுகிறாள்.

மார்ச் 10, திங்கள்
எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கொஞ்சம் போதுமா என்று கேட்டேன். "போதும் தாத்தா. நீங்க இப்படியே கத்திக்கிட்டு இருங்க" என்றார் செவிலி.
மாலையில், நான் காலைத் தொடும் முன்பே, தானாக விழித்துக் கத்தினாள். உடனே அழைப்பு மணி அடித்தது; இணைப்பை மறுபடி மாட்டிவிட்டிருந்தேன். மாடிவீட்டுக்காரர். "என்ன சார், உங்க வீட்லயா இவ்ளோ சத்தம்?"
மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா, எங்க வீட்லதான்" என்று வந்தது.