கதவுப் பக்கம் கிடந்த மூட்டைகள்

தாராவி, பம்பாய்
18.1.1965

என் மச்சான் அப்துல் வாஹித் அவர்களுக்கு ஆபிதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளைகளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீங்கள் போனதிலிருந்து பட்டறையில் பை தைக்கும் வேலை நின்றுபோய்விட்டது. நோன்பு நாள் என்பதால் செலவு கொஞ்சம்தான். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

மண்டபம் முகாமிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. புயலில் வீடு போன உங்கள் தங்கை நஸீராவுக்கு முகாமிலேயே பிள்ளை பிறந்ததையும், ஈர மணலில் பனியைத் தாங்காமல் ஆறாம் நாளே அது மவுத்தானதையும் எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்குமேல் என்னால் உடனே படிக்க முடியவில்லை. மடித்து வைத்துவிட்டு, மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

நிவாரணக் கமிட்டி அனுப்பிய வேகன் ஒருவழியாக வந்ததாம். கூடாரம் வருகிறது என்று நீங்கள் சொல்லியிருந்ததால் முகாமே ஸ்டேஷனுக்குத் திரண்டு வந்ததாம். திறந்து பார்த்தால் வக்கீல் கோட்டும், கிழிந்த கல்யாணப் பட்டும், ஜோடியில்லாத செருப்பும் வந்து விழுந்தனவாம். கூடாரத்தை விற்றுத் தின்றுவிட்டான் என்று உங்கள் சட்டையைப் பிடித்தார்களாம். நஸீராவும் உங்களோடு பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடாரங்கள் எங்கே போயின என்று என்னைக் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

நானும் பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் அக்காவும் நேற்று மாட்டுங்காவுக்குப் போனோம். சாமான் சேர்த்து வைத்திருந்த ஹாலில் கமிட்டியின் நன்றி அறிவிப்புக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ரோஜா மாலை, ஒலிபெருக்கி, காப்பி எல்லாம் உண்டு. தரை தெரியாமல் விரிப்பு விரித்து ஜனங்களை உட்கார வைத்திருந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். கையை ஊன்றியபோது விரலில் தையல் தட்டியது. இரட்டைத் தையல், மூலையில் தோல் துண்டு வைத்து அடித்த கயிற்றுக் கண். மச்சான், அது நான் தைத்த கித்தான். நம் பட்டறை மிஷினில் நானும் அக்காவும் மாறிமாறி உட்கார்ந்து கமிட்டிக்குத் தைத்துக் கொடுத்த கூடாரங்கள் அத்தனையும் அங்கே விரித்துக் கிடந்தன.

மேடையில் செயலாளர் நயினார் பேசிக்கொண்டிருந்தார். உங்கள் பெயரைச் சொன்னார். புயல் பூமியில் நின்று தொண்டு செய்யும் தம்பி வாஹித் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மாள் தட்டியபோது அவள் வளையல் குலுங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் இறங்கி வந்ததும் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. “எத முதல்ல ஏத்தணும்னு யாரும் சொல்லலம்மா. துணி மூட்டை கதவுப் பக்கம் கெடந்துது, கூடாரம் உள்ள கெடந்துது. கூலியாளுங்க கைக்கு எட்டினத ஏத்தினாங்க, வேகன் நெறஞ்சு போச்சு. அடுத்த வேகனுக்கு எழுதிப் போட்டிருக்கோம்” என்றார். ஏன் விரித்தீர்கள் என்று கேட்டதற்கு, “சும்மாத்தானே கெடக்கு, நாலு பேரு உக்காரட்டுமேன்னு விரிச்சோம்” என்றார். நஸீராவின் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அவர் கண் கலங்கியது, பொய்யாகக் கலங்கவில்லை. அவர் திருடர் இல்லை, மச்சான். திருடராக இருந்திருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டு வந்திருப்பேன். ராப்பகலாக அலைந்து ஊரெல்லாம் சாமான் சேர்த்தவர் அவர். எது அவசரம் என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்க அவருக்கும் தோன்றவில்லை, அங்கே இருந்த படித்தவர் எவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

நான் அழுதுகொண்டு நின்றேன். சீனியம்மாள் அக்காதான் கூட்டத்துக்கு நடுவில் போய், “எந்திரிங்கய்யா எல்லாரும். நீங்க உக்காந்திருக்கது அடுத்தவன் வீட்டுக் கூரை மேல” என்றாள். சிலர் எழுந்தார்கள். சிலர் எங்களைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். நயினாரே குனிந்து ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டினார். அக்காவின் தம்பி இசக்கி தள்ளுவண்டி கொண்டுவந்தான். கிங்ஸ் சர்க்கிள் தாண்டும்போது பாங்கு நேரம் வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கடையில் தண்ணீர் வாங்கி நோன்பு திறந்தேன். கித்தானில் சிந்தியிருந்த காப்பிக் கறை துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

அடுத்த வேகனை நான் நம்பவில்லை. இசக்கியும் அவன் கூட்டாளிகளும் இன்று மெட்ராஸ் மெயிலில் ஊருக்குப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு கட்டாகத் தங்கள் சாமானோடு எடுத்து வருகிறார்கள். அவன் மட்டும் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு மண்டபம் வரை வருவான். இந்தக் கடிதமும் அவன் கையில்தான் வருகிறது. மீதிக் கூடாரங்கள் நம் வீட்டில் இருக்கின்றன. ஊருக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தனுப்புவேன். சுமந்துவரும் அந்தப் பையன்களுக்கு ஒருவேளைச் சோறாவது போடுங்கள்.

உங்களைத் திருடன் என்றவர்களுக்கு நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். கமிட்டிக்கு மானம் போனால் போகட்டும்.

நஸீராவிடம் மட்டும் சொல்லாதீர்கள், அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர்களிடமும் கேளுங்கள். யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று அவள் நினைத்தால் நம்மை ஏசுவாள், ஏசி ஆறிக்கொள்வாள். அவள் பிள்ளை குளிரில் கிடந்த நாட்களில் கூடாரம் தைத்து முடிந்து, மாட்டுங்கா ஹாலில் சும்மா கிடந்தது என்று தெரிந்தால் அவளால் எப்படித் தாங்க முடியும்? அவளுக்குக் கூடாரம் போட்டுக் கொடுக்கும்போது, ஆபிதா நேற்றுத்தான் தைத்து முடித்தாள் என்று சொல்லுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

துஆவுடன்,
ஆபிதா