மாடியில் நீட்டிய கம்பிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? எனக்கு விரலில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

நான் வரைந்த சர்க்யூட் போர்டு நேற்று சோதனை மேசையில் புகைந்துவிட்டது. பின்னாளில் வேறு கருவிகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதில் நான்கு வரிசைத் துளைகள் விட்டிருந்தேன். இடம் போதாமல், கரண்ட் அதிகமானால் அறுந்து போர்டைக் காக்கும் ஃப்யூஸை எடுத்துவிட்டேன். மேலாளர் கத்தவில்லை. "வருமோ வராதோன்னு இருக்கறதுக்கு இடம் விட்டுட்டு, கையில இருக்கறதை எரிய விட்டுட்டியேப்பா" என்றார். நாளை முதல் எனக்கு வரையும் வேலை கிடையாது. பெட்டி கட்டும் பிரிவில் போட்டுவிட்டார்கள்.

அவர் சொன்னபோது நம் மொட்டை மாடிதான் கண்ணில் நின்றது. நான் திரும்பி வந்து மேல்தளம் கட்டுவேன் என்று தூண்களில் கம்பியை நீட்டிவிட்டு எட்டு வருடமாகிறது. அந்தக் கம்பிகளின் துரு இறங்கி, நீங்கள் படுக்கும் அறையின் சுவர் வெடித்துவிட்டதாகத் தங்கை சொன்னாள். கம்பிகளை அறுத்து சிமென்ட் பூசிவிடுங்கள் அப்பா. நான் கட்டப்போவதில்லை.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்

அம்மா துணிக்கொடி கட்டியிருக்கும் இரண்டு கம்பி மட்டும் இருக்கட்டும்.