நீ ஒருமுறை கேட்ட கணினி

என் லெட்சுமிக்கு,

இதை நான் கையால் எழுதவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். எந்தத் தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்று நம் சின்னவள் தாரணி ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஒரு வரி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த காப்பி ஆறிப்போகிறது. ஆமாம், நம் வீட்டுக்குக் கணினி வந்துவிட்டது.

நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. வாங்கிய அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முகமில்லாமல் இருந்தேன்.

நீ கேட்டது ஒரே ஒருமுறை. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். பிள்ளைகள் இருவருக்கும் இயங்கலை வகுப்பு. வீட்டில் இருந்ததோ உன் போன் ஒன்றுதான். என்னுடையது பொத்தான் போன். காலையில் யாமினிக்கு, பத்தரைக்கு மேல் தாரணிக்கு என்று நீ நேரம் பிரித்துக் கொடுத்தாய். இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் யாராவது ஒருத்தி அழுவாள். ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாய்.

"என்னங்க, சின்னதா ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டா பிள்ளைங்களுக்கு நல்லாருக்கும்."

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எதுக்கு? அதான் போன் இருக்குல்ல."

"சரிங்க" என்றாய். அவ்வளவுதான் பேச்சு.

கையில் காசு இல்லாததால்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அப்போது அரைச் சம்பளம்தான், உண்மை. ஆனாலும் காரணம் அதுவல்ல. கெமாஸ் பக்கத்தில் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரியாத ஒரு பொருள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால், பெற்ற பிள்ளைகள் முன்னால் ஒன்றும் தெரியாதவனாக நிற்க வேண்டுமே என்று பயந்தேன். அது உனக்குப் புரிந்திருந்ததா? புரிந்துதான் "சரிங்க" என்று விட்டுவிட்டாயா?

அதற்குப் பிறகு உன் சிறுநீரகம் நம்மை வேறு எதையும் நினைக்க விடவில்லை. வாரம் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு, அதற்கு நடுவில் என் பஸ் ஷிப்ட். நீ போனபின் உன் போனை யாமினி எடுத்துக்கொண்டாள். கண்ணாடி கீறிப்போன அந்தப் போனில்தான் அவள் பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவம் வரை வந்தாள். எப்படிப் படிக்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. மதிப்பெண் நன்றாக வந்தது, அதனால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று இருந்துவிட்டேன்.

போன வருடம் தீபாவளிக்கு முந்திய மாதம் நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

நான் வழக்கமாகக் கம்பெனிப் பஸ் ஓட்டுவது ரந்தாவ் வழியில் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு ரோஸ்லிக்குக் காய்ச்சல். அவன் ஓட்டும் செனாவாங் வழிப் பஸ்ஸை என்னை எடுக்கச் சொன்னார்கள். நம் தாமான் குடியிருப்பு வழியாகத்தான் போக வேண்டும். காலை ஆறேகால் மணிக்கு நம் சிம்பாங் சந்தியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் ஏறினார்கள். கடைசியாகப் படியில் கால் வைத்தவள் யாமினி.

பள்ளிச் சீருடை இல்லை. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. கால் வைத்த பிறகுதான் ஓட்டுகிறவன் நான் என்று பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "ஏறு லா தங்கச்சி, நேரமாச்சு."

ஏறி, எனக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். நான் கதவை மூடி வண்டியை எடுத்தேன்.

ஏன் அங்கேயே இறக்கிவிடவில்லை என்று கேட்பாய். முப்பது பேர் வேலைக்குப் போகிறார்கள், ஐந்து நிமிடம் பிந்தினால் அவர்கள் சம்பளத்தில் கை வைப்பார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஓட்டினேன். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

"இன்டர்வியூவா?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா. எட்டரைக்கு."

"ஸ்கூலு?"

"போறதில்ல. மூணு நாளாச்சு."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வரலாற்றுப் பாடத்துக்கு நாற்பது பக்கம் எழுதித் தரவேண்டிய இடுபணி. முழுவதையும் உன் போனில், கட்டை விரலால் தட்டியிருக்கிறாள். மூன்று மாத வேலை. முடிகிற நேரத்தில் போன் ஒரேயடியாக இருட்டிவிட்டது. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்தது எதையும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஒப்படைக்கப் பதினைந்து நாள்தான் இருந்தது.

அவள் வலது கட்டை விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். அதை நான் இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், லெட்சுமி. சமையலில் சுட்டுக்கொண்டாள் போல என்று நினைத்தேன்.

"ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

யாமினி சொன்னாள்: "அம்மா கேட்டப்பவே வேணாம்னுட்டீங்க. ரூம்ல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அம்மாவுக்கே அதான் பதிலுன்னா, நான் கேட்டு என்னப்பா ஆகப்போவுது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன்.

"இது அம்மா செஞ்ச வேலைதானே. இதுல என்ன கொறச்சல்?" என்றும் கேட்டாள். அதே வாசலுக்குள் நீ பதினோரு வருடம் போய்வந்தாய். அந்தச் சம்பளத்தில்தான் நம் வீடு நின்றது. அதில் குறைச்சல் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

"கொறச்சல் இல்லம்மா. ஆனா உங்கம்மா ஒக்காந்து ஒங்களுக்கு நேரம் பிரிச்சுக் குடுத்தது இதுக்கில்ல" என்றேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது. "எனக்குக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்தப் பயத்துலதான் அன்னைக்கு வேணாம்னேன். சனிக்கிழமை கடைக்குப் போவோம். நீங்க ரெண்டு பேரும்தான் எனக்குச் சொல்லணும்."

யாமினி கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பஸ்ஸைத் திருப்பி, அவள் ஒருத்தியை மட்டும் ஏற்றிக்கொண்டு தாமானுக்கு வந்தேன். கம்பெனி வண்டியை அப்படி ஓட்டக் கூடாது. மேலதிகாரி கேட்டார், உள்ளதைச் சொன்னேன். ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் பஸ் சட்டையோடு பள்ளிக்குப் போனேன். தேதியைத் தள்ளிவைக்க வரலாற்று ஆசிரியைக்கு அதிகாரம் இல்லை. ஆனால் முன்பு திருத்தம் பார்க்க யாமினி அச்சடித்துக் கொடுத்திருந்த பதினைந்து பக்கத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார். "இதுல இருந்து தொடங்கச் சொல்லுங்க, ஐயா" என்று என் கையில் கொடுத்தார். வீடு வரும்வரை அதை நான் மடிக்காமல் கொண்டுவந்தேன்.

சனிக்கிழமை சிரம்பானில் ஒரு கடைக்குப் போனோம். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு மேல் என்னால் முடியாது என்று உள்ளே நுழைந்ததும் சொல்லிவிட்டேன். கடையில் இருந்த மலாய்ப் பெண் சிரிக்கவில்லை. "யார் பயன்படுத்தப் போறாங்க, அங்கிள்?" என்று மலாயில் கேட்டாள். நான் யாமினியைக் காட்டினேன். யாமினி தங்கையைக் காட்டினாள். தாரணி என்னைக் காட்டினாள். அந்தப் பெண் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முதலில் நான் கை வைத்தது இருப்பதிலேயே மலிவான மடிக்கணினி. பளபளவென்று இருந்தது. அவள் அதில் எழுதுகிற பக்கத்தையும் இணையப் பக்கம் நாலைந்தையும் சேர்த்துத் திறந்து காட்டினாள். திரை அசையவே இல்லை. இதில் நினைவகம் நாலு ஜிபிதான், பிறகு கூட்டவும் முடியாது, படிக்கிற பிள்ளைகளுக்கு எட்டுக்குக் குறைந்து எதையும் வாங்காதீர்கள் என்றாள். விற்கிறவள் தன் கடைச் சாமானைப் பற்றியே அப்படிச் சொன்னது எனக்கு நம்பிக்கையாக இருந்தது.

அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்த கணினிகளும் இருந்தன. விலைக்கு அது நல்ல பொருள்தான் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். நம் வீட்டுக் கட்டில், அலமாரி, உன் போன், எல்லாமே யாரோ பயன்படுத்தியபின் நமக்கு வந்தவை. இது ஒன்றாவது புதிதாக இருக்கட்டும் என்று பட்டது. அது வீம்பா? உன்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

எட்டு ஜிபி மடிக்கணினி ஒன்று கையிலிருந்த பணத்துக்குச் சரியாக வந்தது. அதையே எடுத்துவிடலாம், யாமினி படிப்பை விடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவள்தான் தடுத்தாள்.

"வேணாம்பா. இத வாங்குனா இது எனக்குன்னு ஆயிடும். நான் வெளியூரு போனா இதுவும் போயிடும். அப்பறம் தாரணி என்ன செய்வா? வீட்டுலயே இருக்கற மாதிரி வாங்குவோம்."

"நீ போனா ஒனக்கு?" என்றேன்.

"அத அப்ப பாத்துக்கலாம் லா."

கடைசியில் வாங்கியது ஒரு சின்னப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான். நினைவகம் பதினாறு ஜிபி. அதோடு எழுத்து தெளிவாகத் தெரியும் பெரிய திரை, விசைப்பலகை, சுட்டி. திரை போனால் திரையை மட்டும் மாற்றலாம், பெட்டி பழசானால் பெட்டியை மட்டும் மாற்றலாம், குடும்பத்துக்கு இதுதான் நல்லது என்று அந்தப் பெண்ணும் சொன்னாள். கேமராவுக்குக் காசு போதவில்லை. இருக்கட்டும் என்றாள் தாரணி.

அடுத்த பத்து நாளும் பள்ளி விட்டு வந்ததும் யாமினி அதன் முன்னால்தான் இருந்தாள். அவள் நிறுத்தி நிறுத்தி மலாயில் சொல்ல, பத்து விரலாலும் தட்டியவள் தாரணி. நான் சோறு வடித்தேன். உன் அளவுக்கு வரவில்லை, சாப்பிட்டார்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் நாற்பத்திரண்டு பக்கமாக ஒப்படைத்தாள்.

தேர்வு முடிவும் வந்துவிட்டது, லெட்சுமி. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போகிறாள். விண்ணப்பத்தை இந்தத் திரையில்தான் மூவரும் உட்கார்ந்து நிரப்பினோம். 'தாயார்' என்ற இடத்தில் உன் பெயரை அடித்துவிட்டு யாமினி சற்று நேரம் கையை எடுக்கவில்லை. நாங்கள் அவளை அவசரப்படுத்தவில்லை.

அவளுக்கு மடிக்கணினி வேண்டும். அவள் வாய் திறக்கவில்லை, நான்தான் கேட்டேன். ஓய்வு நாளில் பள்ளி வேன் ஓட்ட ஒத்துக்கொண்டிருக்கிறேன். போகிற நாளுக்குள் வாங்கிவிடுவேன். எது நல்லது, எதை வாங்கக் கூடாது என்று இப்போது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இந்த எழுத்துப் பலகையில் நல்ல சொல் எதுவும் எனக்கு அகப்படவில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். உன் பெண்கள் என்னிடம் எதைக் கேட்டு வந்தாலும், வேலையை நிறுத்திவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்து, கடைசி வார்த்தைவரை கேட்பேன். முடியாதென்றால் ஏன் முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்வேன்.

உன் பிள்ளைகளின் அப்பா,
இன்றைக்கும் உன் வீட்டுக்காரன்,
முனியாண்டி